உன் மடிக்கணினியை நான் அழித்த விதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். உன் நலமறிய ஆவல்.

ஞாயிற்றுக்கிழமை போனில், உன் பழைய மேக்புக் ஏர் மடிக்கணினியைச் சுத்தம் செய்து மாமா பையனுக்கு எடுத்து வைத்திருக்கிறேன் என்றதும், "எல்லாவற்றையும் அழித்துவிட்டாயா அம்மா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். அதன் பிறகு உன்னிடமிருந்து பேச்சே வரவில்லை. வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாய். அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. யாருக்காவது கொடுத்துவிடு என்று நீ சொல்லி இரண்டு வருடம் ஆகிறது என்பது உண்மைதான். ஆனாலும் உன் மனம் எதை நினைத்துக் கலங்கியது என்று எனக்குத் தெரியும். போனில் சொன்னால் பாதியில் அறுந்துபோகும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நான் அவசரப்பட்டு எதையும் செய்யவில்லை, கண்ணு. அழிக்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன் மூன்று வாரம் அந்தக் கணினியோடு உட்கார்ந்திருந்தேன்.

முதலில் பழைய கோப்புகளைப் பிரதி எடுக்கப் பார்த்தேன். வீட்டில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால், உள்ளே இருப்பதைப் படிக்க முடிந்தது, புதிதாக எதையும் எழுத முடியவில்லை. அது விண்டோஸ் கணினிக்காக என்டிஎஃப்எஸ் முறையில் வடிவமைத்தது. மேக் அதைப் படிக்கும், தானாக எழுதாது. இரண்டு பக்கமும் ஒத்துவருவது எக்ஸ்ஃபேட் என்ற முறை. ஆகவே ஒரு பென் டிரைவ் வாங்கி, அதை எக்ஸ்ஃபேட்டாக மாற்றி, கோப்புறை கோப்புறையாக நகல் எடுத்தேன்.

புகைப்படங்களில்தான் கவனமாக இருக்க வேண்டியிருந்தது. 128 ஜிபி இடம் போதவில்லை என்று நீ எப்போதோ சேமிப்பிடத்தைச் சிக்கனப்படுத்தும் வசதியைப் போட்டு வைத்திருக்கிறாய். அப்படிப் போட்டால் முழு அளவுப் படம் ஆப்பிளின் இணையச் சேமிப்பிடமான ஐக்ளவுடில் இருக்கும், கணினியில் பல படங்களுக்குச் சிறிய பிரதி மட்டுமே இருக்கும். தெரியாமல் அந்தத் தொகுப்பை நகல் எடுத்திருந்தால், எல்லாம் வந்துவிட்டது என்று நம்பி வெறும் குட்டிப் படங்களை வைத்துக்கொண்டிருப்போம். போன மாதம் கொடைக்கானல் படம் ஒன்றை முழு அளவில் அனுப்பச் சொன்னேனே, அது ஆசைக்காகக் கேட்டது இல்லை. உன் கணக்கில் மூலப் படங்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்கத்தான். தூண் பாறைக்கு முன்னால் அப்பா மப்ளர் கட்டிக்கொண்டு நிற்கும் படம் தெளிவாக வந்தது. மப்ளரின் பின்னல் வரை தெரிந்தது. அதன் பிறகுதான் உன் கணக்கிலிருந்து வெளியேறினேன். அப்போது கடவுச்சொல் கேட்டது, அதற்குத்தான் அந்தச் சனிக்கிழமை காலையில் உன்னை எழுப்பினேன். அரைத் தூக்கத்தில் சொல்லிவிட்டு மறந்திருப்பாய்.

இதை நீயும் நினைவில் வைத்துக்கொள். உன் பழைய 2017 மாடலில் டி2 என்ற பாதுகாப்புச் சிப் கிடையாது. 2018 முதல் வந்த ஏர் கணினிகளில் அது உண்டு, 2020-இல் வந்த எம்1 சிப் கணினிகள் முதலானவற்றிலும் அதே பூட்டு வசதி இருக்கிறது. அவற்றில் தொலைந்த கணினியைத் தேட உதவும் ஃபைண்ட் மை வசதியை அணைக்காமல் அழித்துவிட்டால், பழைய கணக்கின் கடவுச்சொல்லைப் போடாமல் மறுபடி திறக்காது. நீ இப்போது வைத்திருப்பதை நாளை யாருக்காவது கொடுத்தால் முதலில் வெளியேறு, பிறகு அழி.

இப்போது நீ கேட்க நினைத்து, கேட்காமல் போனை வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

உன் பதிவிறக்கக் கோப்புறையில் ரயில் டிக்கெட்டுகள், கல்லூரிக் கட்டண ரசீதுகள், யாரோ அனுப்பிய கல்யாணப் பத்திரிகைகள் என்று அறுநூறுக்கு மேல் கிடந்தன. நடுவே "நியூ ரெக்கார்டிங் 7" என்று ஒரு கோப்பு. பெயரைப் பார்த்தால் யாரும் திறக்க மாட்டார்கள். நான் ஒவ்வொன்றையும் திறந்து பார்ப்பது என்று முடிவு செய்திருந்ததால் அதையும் திறந்தேன். அப்பாவின் குரல். கிணற்று மோட்டாரின் ஃப்யூஸ் கட்டையை மாற்றுவது எப்படி என்று உனக்குச் சொல்லிக் கொடுக்கிறார். "மெயினை அணைத்துவிட்டாயா? திரும்பிப் பார், அணைத்துவிட்டாயா?" என்று இரண்டு முறை கேட்கிறார். பதினொரு நிமிடம். நீ பதிவு செய்திருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. அப்பா போய் மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த முன்னறையில் அவர் குரல் கேட்டது. அதற்கு மேல் அன்று எதையும் செய்ய என்னால் முடியவில்லை. கணினியை மூடி வைத்துவிட்டேன்.

மறுநாள் அந்தக் கோப்பைப் பென் டிரைவில் ஒன்றும், என் போனில் ஒன்றுமாக நகல் எடுத்தேன். நகல் எடுத்ததோடு விடவில்லை. பென் டிரைவை உருவி, பக்கத்து வீட்டு விண்டோஸ் கணினியில் செருகி, முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை கேட்டேன். பிறகு என் போனில் இருந்ததையும் அதே போல் கேட்டேன். முப்பது வருடம் தட்டச்சு நிலையம் நடத்தியவள் நான். ஹையர் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளிடம், அடித்து முடித்த தாளை எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்க்காமல் கையை எடுக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லிப் பழகியவள். திறந்து கேட்காத நகலை நகல் என்று நான் ஒப்புக்கொள்வதில்லை.

அதற்குப் பிறகுதான் அழித்தேன்.

கமாண்ட், ஆர் இரண்டு விசைகளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு கணினியைப் போட்டால் மீட்புத் திரை வரும். அதில் வட்டுகளை அழிக்கவும் வடிவமைக்கவும் உதவும் டிஸ்க் யுடிலிட்டி இருக்கும். நான் அங்கே வெளியே தெரிந்த மேகின்டாஷ் எச்டி என்ற பகுதியை மட்டும் அழிக்காமல், எல்லாச் சாதனங்களையும் காட்டச் சொல்லி, மேலே இருந்த எஸ்எஸ்டி வட்டு முழுவதையும் தேர்ந்தெடுத்து, மேக்குக்கு உரிய ஏபிஎஃப்எஸ் முறையில் அழித்தேன். உன் பாஸ்போர்ட் நகல், வங்கித் தாள்கள் எல்லாம் அதில் இருந்ததால் எச்சம் வேண்டாம் என்று நினைத்தேன். வட்டில் இருப்பதைப் பூட்டி வைக்கும் ஃபைல்வால்ட் வசதியை நீ போட்டிருந்ததால் உள்ளே இருந்தது எல்லாம் ஏற்கெனவே பூட்டிய எழுத்து. அழிக்கும்போது அந்தப் பூட்டின் சாவியும் போய்விடும், அதனால் இனி யாரும் எடுத்துப் படிக்க முடியாது. அந்தக் கவலை உனக்கு வேண்டாம். ஆனால் முழு வட்டையும் அழித்தால் அதில் இருக்கும் மீட்புப் பகுதியும் சேர்ந்தே போகும். அது எனக்குத் தெரிந்தே செய்தது, கணினியை அணைக்காமல் தொடர்ந்து இயங்குதளத்தை நிறுவிவிடலாம் என்ற நம்பிக்கையில்.

சரியாகப் பதிவிறக்கம் பாதியில் இருக்கும்போது மின்சாரம் போனது. பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, சார்ஜர் இருந்தால்தான் ஓடும். திரை கறுத்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து மின்சாரம் வந்து, போட்டுப் பார்த்தால், சாம்பல் நிறக் கோப்புறைப் படம் ஒன்று, அதன் நடுவே கேள்விக்குறி, விட்டு விட்டு மின்னியது.

மறுநாள் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். பையன் திறந்து பார்த்துவிட்டு, போர்டு போய்விட்டது, மாற்றச் செலவாகும், அதற்குப் புதிதே வாங்கிவிடலாம் என்றான். எனக்கு அது மனத்துக்கு ஒப்பவில்லை. போர்டு முழுதாகப் போயிருந்தால் திரையில் அந்தக் கேள்விக்குறியே வந்திருக்காது. இயங்குதளம் எங்கே என்று தேடுகிறது, கிடைக்கவில்லை என்று சொல்கிறது, அவ்வளவுதான் அந்தப் படத்தின் பொருள். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மீட்புப் பகுதி வட்டில் இல்லாவிட்டாலும் இணையம் வழியாக வரும் ஒன்று இருக்கிறது. ஆப்ஷன், கமாண்ட், ஆர் மூன்றையும் சேர்த்துப் பிடித்தால் பூமி உருண்டை சுற்றும். இந்தக் கணினியால் ஓட்ட முடிந்த கடைசிப் பதிப்பை அது கொண்டு வரும். அதோடு ஷிப்ட்டையும் சேர்த்தால், 2017-இல் வாங்கும்போது இருந்த பதிப்பு, அல்லது இப்போதும் கிடைப்பதில் அதற்கு மிக அருகில் இருப்பது. நான் முதல் வழியைப் பிடித்தேன். உருண்டை வெகுநேரம் சுற்றியது. மீட்புத் திரை வந்தது. நிறுவச் சொன்னால், மீட்பு சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று ஒரு வரி. வைஃபை நன்றாகத்தான் இருந்தது. மூன்று முறை முயன்றும் அதே வரிதான்.

காரணம் தேதி, பாப்பா. பேட்டரி செத்த கணினிக்கு மின்சாரமும் போனால் கடிகாரம் நின்று, பல வருடம் பின்னுக்குப் போய்விடுகிறது. சர்வர் தன்னை இன்னார் என்று காட்டும் சான்றிதழுக்கு இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று ஒரு காலவரை உண்டு. கணினி பழைய ஆண்டில் நின்றுகொண்டு அதைப் பார்த்தால், இன்னும் தொடங்காத சான்றிதழ் என்று தள்ளிவிடும். சர்வர் மேல் குற்றம் இல்லை, வைஃபை மேலும் இல்லை. கட்டளைகளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து, தேதிக்கான கட்டளையை அடித்து, மாதம், நாள், மணி, நிமிடம், ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் என்று இடைவெளி இல்லாமல் பத்து எண்களைக் கொடுத்தேன். என்டர் தட்டியதும் சரியான தேதி வந்தது. திரும்பப் போய் நிறுவச் சொன்னேன். இந்த முறை போனது. இரவு பத்து மணிக்குத் தொடங்கியது, விடிகாலை நாலரைக்கு முடிந்தது. இன்வெர்ட்டரில் சார்ஜரைச் செருகி வைத்திருந்தேன். பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்திருந்தேன்.

வந்தது மேக் இயங்குதளத்தின் மான்டரே பதிப்பு. உன் மாடலுக்கு அதற்கு மேல் வராது. அதற்கு இப்போது பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை என்பதால், வங்கி வேலைக்கு இதைப் பயன்படுத்தாதே, பாடம் எழுத, படிக்க வைத்துக்கொள் என்று மாமா பையனிடம் சொல்லிவிட்டேன். புதன்கிழமை வந்து கணக்கு உருவாக்கினான், பேட்டரி மாற்ற அடுத்த வாரம் போகிறோம். எனக்குத் தமிழ் 99 விசைப்பலகையைச் சேர்த்துக் கொடுத்தான். அதில்தான் இதை எழுதுகிறேன். நீ பார்க்கும் இந்தக் கடிதம், அழித்த வட்டில் நான் எழுதும் முதல் எழுத்து.

என் பழைய டைப்ரைட்டரில் புள்ளிக்குத் தனி விசை. இதில் ம-வை இரண்டு முறை தட்டினால் முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழுகிறது. ந-வை அடுத்து த வந்தால் அதற்கும். டைப்ரைட்டரில் தமிழை ஏற்றிய ஆர். முத்தையா யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போனவர். மேக்கில் இருக்கும் தமிழ் எழுத்துருக்களை வடிவமைத்த முத்து நெடுமாறனும் மலேசியாக்காரர். எங்கிருந்தோ இருவர் செய்து வைத்ததைக் கோபிச்செட்டிபாளையத்தில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்க மனம் நிறைகிறது.

அந்தப் பதிவை இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். பென் டிரைவை பீரோவில் என் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். நீயும் உன் பக்கம் ஒன்று வைத்துக்கொள், திறந்து கேட்டுப் பார்த்துவிட்டு வை. ஏழாவது நிமிடத்தில் குக்கர் விசில் வரும், நான் சாப்பிடக் கூப்பிடுவது கேட்கும். அதற்குப் பிறகு அப்பா டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு உன் பெயரைச் சொல்கிறார்.

அன்புடன்,
அம்மா