பாவற்காய்ச் சாறும் உங்கள் மருத்துவப் பக்கமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

"பாவற்காய்ச் சாறு இருக்க மாத்திரை எதற்கு?" என்று ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். கொக்குவிலில் இருக்கும் என் அக்கா அதைக் கத்தரித்துச் சாமி அறையில் ஒட்டிவிட்டு, சலரோகத்துக்குப் போட்டுவந்த மெற்போமின் மாத்திரையை நிறுத்திவிட்டார். சீனி 300ஐத் தாண்டியபின்தான் எங்களுக்கே தெரியவந்தது. கேட்டால், "பேப்பர்க்காரருக்குத் தெரியாததோ உனக்குத் தெரியும்?" என்கிறார். உங்களுக்குப் பெருமையாக இருக்கும்.

கட்டுரை முழுப் பொய் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அரைவாசி உண்மை என்பதுதான் எரிச்சல். கசப்புப் பொருள்கள் பட்டால் குடலிலுள்ள 'எல்' எனப்படும் கலங்கள் ஜீ.எல்.பி-1 என்ற ஓமோனைச் சுரக்கும். அது சதையியைத் தூண்டி இன்சுலினை விடச்செய்யும், இரைப்பை காலியாவதையும் மெதுவாக்கும். பாவற்காயும் மரமஞ்சளிலுள்ள பேர்பெரினும் ஆய்வுகூடக் கலங்களிலும் எலிகளிலும் இதைச் செய்துகாட்டியிருக்கின்றன. சரி. ஆனால் அப்படிச் சுரக்கும் ஓமோனை டி.பி.பி-4 என்ற நொதியம் ஓரிரு நிமிடத்தில் சிதைத்துவிடுமே? அந்த ஓமோனைப் போல வேலைசெய்யும், கிழமைக்கு ஒருமுறை போடும் சலரோக ஊசி மருந்தை அப்படிச் சிதையாதபடி மாற்றியல்லவா செய்திருக்கிறார்கள்? இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் ஏன் விட்டீர்கள்?

மெற்போமினின் பூர்வீகமும் செடிதான். ஐரோப்பாவில் சலரோகத்துக்குக் கொடுத்துவந்த கலேகா என்ற மூலிகையில் தொடங்கிய தேடல், 1957இல் பிரான்சில் ஜோன் ஸ்டேர்ன் கையில் மருந்தானது. மூலிகையை நம்பி அக்கா வீசியது மூலிகை வழி வந்த மாத்திரையைத்தான்.

நானும் பழைய சலரோகக்காரன். பாவற்காயும் தின்கிறேன், ஒடியல் கூழும் குடிக்கிறேன், மாத்திரையும் விழுங்குகிறேன். கிளிக்கிளசைட் என்ற சலரோக மாத்திரை போடுபவர் கேட்டுப்பார்க்காமல் சாற்றையும் சேர்த்துக் குடித்தால் சீனி அளவுமீறி இறங்கவும் கூடும். அதற்கும் உங்கள் பக்கத்தில் இடமில்லை. பாவற்காயை உப்பில் பிரட்டி, கசப்பைப் பிழிந்து ஊற்றி, எண்ணெயில் பொரித்து, ஒரு கோப்பை சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் ஊர் இது. அதையாவது யாரும் எழுதினார்களா?

இடமில்லை என்பீர்கள். கட்டுரைக்குக் கீழே கால் பக்கத்துக்குச் சலரோகச் சூரண விளம்பரம் வந்திருந்ததே, அதற்கு எப்படி இடம் வந்தது? 2022இல் மருந்துத் தட்டுப்பாட்டின்போது, கிளினிக்குக்குப் போனவர்கள் மாத்திரையை வெளியே காசு கொடுத்து வாங்கிய கதையை எழுதி அனுப்பினேன். வரவில்லை. அந்தக் கிழமை ராசிபலன் மட்டும் முழுப்பக்கம். என் ராசிக்கு "எண்ணியது ஈடேறும்" என்று இருந்ததாக ஞாபகம்.

மறுப்போ மன்னிப்போ கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், "டொக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்" என்று ஒரு வரி போடுங்கள். கத்தரிக்க வசதியாகச் சுற்றிக் கட்டம் போட்டால் நல்லது. மற்றதை நான் சாமி அறையில் ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.