சுயமரியாதைத் திருமணச் சட்டம் காட்டும் வழி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரே பாலினத்தவரின் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தருவது சட்டமியற்றும் அவைகளின் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று தீர்ப்பளித்ததையும், மறுஆய்வு மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடியானதையும் காட்டி, விவகாரமே முடிந்துவிட்டதாகப் பலர் பேசுகிறார்கள். நீதிமன்றம் ஏற்காத திருமணத்தைச் சட்டமன்றம் ஏற்ற வரலாறு தமிழ்நாட்டுக்கு உண்டு என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சடங்குகள் இன்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் ஒன்று செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1953-இல் தீர்ப்பளித்தது. 1967-இல் அண்ணாவின் அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்து, உற்றார், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும் என்று அறிவித்ததோடு, அதற்கு முன்பே அவ்வாறு மணந்தவர்களின் திருமணங்களையும் செல்லுபடியாக்கியது. மரபு என்ற வாதத்துக்கு அன்றைய ஆட்சியாளர்கள் அஞ்சவில்லை. இன்றைய நிலை வேறு. 2023 விசாரணையின்போது மத்திய அரசு எல்லா மாநிலங்களிடமும் கருத்துக் கேட்டது. பதில் அனுப்பிய ஏழு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. (காங்கிரஸ் ஆண்ட ராஜஸ்தான் எதிர்த்தே எழுதியது என்பதால், இதை ஒரு கட்சியின் குறை என்று மட்டும் சொல்வதற்கில்லை.)

தீர்ப்புக்குப் பின் மத்திய அரசு அமைத்த குழுவின் பயனாக, ஒரே பாலின இணையர்கள் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கலாம், ஒரே குடும்ப அட்டையில் இடம்பெறலாம் என்று 2024-இல் விளக்கங்கள் வந்தன. இறந்தவரின் உடலை இணையர் பெற்றுக்கொள்ளலாம் என்றும் சொல்லப்பட்டது, ஆனால் நெருங்கிய உறவினர் யாரும் இல்லாதபோதுதான். ஆண்டுக்கணக்கில் உடன் வாழ்ந்தவர், தொடர்பே இல்லாதிருந்த உறவினர் ஒருவர் வந்து நின்றால் ஒதுங்க வேண்டியதுதான். வாரிசுரிமையையும் குடும்ப ஓய்வூதியத்தையும் இத்தகைய சுற்றறிக்கைகளால் தர முடியாது. ஓர் அரசு தந்ததை அடுத்த அரசு ஒரே கையெழுத்தில் திரும்பப் பெறவும் முடியும்.

திருமணம் பொதுப்பட்டியலில் இருப்பதால் மாநிலச் சட்டமன்றத்துக்கும் இதில் அதிகாரம் உண்டு. மத்தியச் சட்டத்துக்கு முரணாக அமைந்தால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும் என்பதும், அது இப்போதைக்கு எளிதில் கிடைக்காது என்பதும் தெரிந்ததே. அதற்காகக் கைகட்டி இருக்கத் தேவையில்லை. திருமணம் என்ற பெயரின்றியே இணையர்கள் தம் உறவைக் குடும்ப உறவு ஒப்பந்தமாகப் பதிவு செய்ய வழிவகுக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2023 நவம்பரில் மாநில அரசுக்கு யோசனை கூறினார். திருமணம் மட்டுமே குடும்பத்துக்கு வழியல்ல என்று அதே உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2025 மே மாதத்தில் கூறியது. அந்த ஒப்பந்தத்துக்கான சட்ட வரைவைத் தமிழ்நாடு அரசு வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் எனக் கோருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்