குழாயைக் கழற்ற மாட்டேன்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு கிழமைக்கு முந்தி உங்கள் ஞாயிறு இதழில், பழைய கார்களைத் திருத்தி ஓடுவோருக்கு ஆலோசனை சொல்லும் கட்டுரை ஒன்று வந்தது. கறள் எடுப்பது பற்றியும் பெயின்ற் அடிப்பது பற்றியும் எழுதியவர் விஷயம் தெரிந்துதான் எழுதியிருக்கிறார். ஆனால் கார் தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்க வேண்டும், பிறகு வந்தவர்கள் பூட்டிய கண்ட நின்ற சாமான்களை முதல் வேலையாகக் கழற்றி எறிய வேண்டும் என்று ஒரு இடத்தில் சொல்கிறார். அந்த இடத்தில்தான் எனக்கு அவரோடு வழக்கு.

என்னிடம் 1953 ஆம் ஆண்டு ஒஸ்ரின் ஏ-40 சோமசெற் ஒன்று இருக்கிறது. கட்டுரையில் இந்த வயதுக் கார்களையெல்லாம் விண்டேஜ் என்று எழுதியிருந்தார். அந்தச் சொல்லில் கண்டிப்பானவர்கள் 1919 தொடக்கம் 1930 வரை செய்தவற்றை மட்டும்தான் அப்படிச் சொல்ல விடுவார்கள். அவர்கள் கணக்கில் என்னுடையது வெறும் பழங்கார். இருக்கட்டும். பேர்மிங்காம் லோங்பிரிட்ஜில் 1952 முதல் 1954 வரை இந்த ரகத்தில் 1 இலட்சத்து 73 ஆயிரத்துக்கு மேல் செய்தார்கள். உருண்டு திரண்ட உடம்பு, போனற் நுனியில் பறக்கிற ‘ஏ’ எழுத்து, ஸ்ரேறிங்கோடு சேர்ந்த கியர்த்தடி, திரும்பும்போது கதவுத் தூணுக்குள்ளிருந்து நீளும் சின்னக் கை. யாழ்ப்பாணத்தில் ஐம்பது வயது தாண்டிய எவரும் இதில் ஒரு தடவையாவது கலியாணவீட்டுக்கோ பெரியாஸ்பத்திரிக்கோ போயிருப்பார்கள். எங்கள் காருக்கு இன்னும் ஆங்கில எழுத்து இலக்கத் தகடுதான். 1957 இல் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்து, அதை எதிர்த்து இங்கே அதன்மேல் தார் பூசின காலத்துக்கு முந்தின வண்டி.

ஐயா இதை 1964 இல் ஒரு டாக்குத்தரிடம் பழசாக வாங்கி, மானிப்பாயில் வாடகைக்கு விட்டார். சாரதியும் அவர்தான். இந்த வாடகையில்தான் நாங்கள் நாலு பேரும் படித்தோம்.

இப்போது என் வழக்குக்கு வருகிறேன். சாரதி இருக்கைக்கு முன்னால், மீற்றர்ப் பலகைக்குக் கீழே, ஒரு நூல்கட்டை நீட்டிக்கொண்டு நிற்கும். தையல் மெசின் நூல்கட்டைதான், சந்தேகம் வேண்டாம். அதை ஒரு குடைக்கம்பியில் செருகியிருக்கிறது. கம்பி ஒரு ஓட்டை வழியாக என்ஜின் பக்கம் போய், திறந்து பூட்டுகிற ஒரு பித்தளைக் குழாயின் காதில் கொழுவியிருக்கிறது. குழாய்க்கு மேலே ஒரு போத்தல் கொள்ளும் சின்ன ராங்கி. ராங்கியும் குழாயும் எங்கள் தோட்டத்தில் பழுதாய்க் கிடந்த தண்ணீர் இறைக்கிற மெசினில் இருந்து ஐயா கழற்றியவை. லோங்பிரிட்ஜில் இருந்தவர்களுக்கு இப்படி ஒன்று தெரியாது. 1990 இல் பூட்டியது.

அந்த வருடம் போரோடு வடக்குக்கு அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் நின்றது. ரோச் லைற் பற்றறியும் நின்றது. இதையெல்லாம் உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனால் உங்கள் கட்டுரையாளருக்குச் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. ஊரெல்லாம் மண்ணெண்ணெயில் கார் ஓடியது. இந்த வித்தையை வாகனக்காரர் கண்டுபிடித்ததாகச் சிலர் எழுதுகிறார்கள். தோட்டக்காரனுக்கு அது முன்னமே தெரியும். இறைப்பு மெசின் பெற்றோலில் ஸ்ராட் எடுத்து, சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்குத் திருப்புவதுதானே வழக்கம். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைத்தவர்கள் அதையே காருக்குச் செய்தார்கள்.

எல்லாக் காருக்கும் அது சரிவரவில்லை. புதிய யப்பான் கார்கள் மண்ணெண்ணெய் குடித்தால் என்ஜினுக்குள் சுத்தியலால் அடிக்கிறமாதிரிச் சத்தம் போட்டன. சோமசெற்றின் அமுக்க விகிதம், அதாவது சிலிண்டருக்குள் எரிபொருளை அமுக்கும் அளவு, குறைவு, 7.2 க்கு 1 தான். மட்டமான எரிபொருளையும் முகம் சுளிக்காமல் எரிக்கும். ஒரேயொரு கஷ்டம், மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதனால் ஐயா எண்ணெய் போகும் செப்புக் குழாயைப் புகை வெளியேறும் வார்ப்பில் இரண்டு சுற்றுச் சுற்றினார். றேடியேற்றருக்கு முன்னால் பாதிக்கு ஒரு காட்போட் மட்டை. என்ஜின் கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே ஓட வேண்டும் என்பது அவர் கணக்கு.

வீட்டுக்குக் கிட்ட வரும்போது, வைரவர் கோயில் வளைவில், நூல்கட்டையை இழுப்பார். மண்ணெண்ணெய் நின்று, சின்ன ராங்கியில் இருக்கிற பெற்றோல் திறபடும். எரிபொருளைக் காற்றோடு கலக்கிற காபரேற்றரின் கிண்ணத்தில் இருக்கிற மண்ணெண்ணெய் எரிந்து முடிய, வாசலில் நிற்கும்போது கிண்ணத்தில் பெற்றோல் நிற்கும். அடுத்தநாள் காலையில் அதில்தான் ஸ்ராட் வரும். இழுக்க மறந்தால் கதை முடிந்தது. கிண்ணத்தைக் கழற்றி வடித்து, கைக்கம்பி போட்டுச் சுழற்ற வேண்டும். பெற்றோலை அந்தக் காலத்தில் நாங்கள் தேக்கரண்டிக் கணக்கில் பேசினோம்.

என்ஜினுக்கு அது கேடுதான், மறைக்கவில்லை. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையத்தைத் தாண்டி இறங்கி, கீழே இருக்கிற என்ஜின் ஒயிலைத் தண்ணியாக்கிவிடும். ஒயிலுக்கும் தட்டுப்பாடு. பிரேக் எண்ணெய் கிடைக்காத காலத்தில் ஆமணக்கெண்ணெய் விட்டார். இத்தனை வருடத்துக்குப் பிறகு நான் பிரேக்கைக் கழற்றியபோது அது பலாப்பால் மாதிரி இறுகிப்போய் இருந்தது. மண்ணெண்ணெயில் முக்கி, கத்தியால் சுரண்டி எடுத்தேன்.

1995 ஒக்ரோபர் 30, யாழ்ப்பாணச் சனம் போருக்குப் பயந்து ஒன்றாய் இடம்பெயர்ந்த இரவு. இந்தத் திகதிக்கு இங்கே விளக்கம் தேவையில்லை. மழை. காருக்குள் ஆச்சி, அம்மா, அயல்வீட்டு இரண்டு பிள்ளைகள், அரிசி மூட்டை, ஒரு தையல் மெசின். நானும் ஐயாவின் தம்பியும் நடை. செம்மணி வெளியில் சனத்துக்குள் நகர்ந்து நகர்ந்து போனதில் என்ஜின் குளிர்ந்து நின்றுவிட்டது. சின்ன ராங்கியில் இரண்டு தரம் ஸ்ராட் எடுக்கத்தான் பெற்றோல் இருந்தது. ஐயா எடுக்கவில்லை.

“தள்ளுங்கோடா. ஆச்சிக்கு ஏதும் எண்டால் அப்ப எடுப்பம்.”

நாவற்குழிப் பாலம் தாண்டும்வரை தள்ளினோம். விடிந்துவிட்டது. அந்தப் பெற்றோலில் பிறகு ஒருநாள் கார் சாவகச்சேரி ஆஸ்பத்திரிக்கு ஓடியது, ஆச்சியோடு அல்ல, முன்பின் தெரியாத ஒரு பிள்ளைத்தாய்ச்சியோடு. ஆச்சி அதற்குப் பிறகும் எட்டு வருடம் இருந்தா.

1996 இல் திரும்பி வந்தோம். சில வருடங்களில் ஐயா போய்விட்டார். கார் கிடுகுக் கொட்டிலுக்குள் போனது, பின் சீற்றில் கோழி அடைகிடந்தது. நான் அஞ்சல் அதிபராக இருந்து ஓய்வுபெற்ற மறுவருடம், 2018 இல்தான், உரப்பைகளை இழுத்து எறிந்துவிட்டு அதைத் தொட்டேன். திறப்பு அம்மாவின் கொட்டைப்பெட்டிக்குள் இருந்தது.

தரைத் தகடு இரண்டு பக்கமும் கையால் தட்ட விசுக்கோத்துப்போல உதிர்ந்தது. உப்புக்காற்று ஊர். ஆனால் என்ஜினைச் சுற்றி ஒரு கறளும் இல்லை. ஐந்து வருட மண்ணெண்ணெய்ப் புகையும் கசிவும் ஊறி, அந்தப் பக்கம் முழுக்கக் கறுப்பாய், வழுவழுப்பாய் இருந்தது. தடை செய்த ஒரே நன்மை! தேய்ந்த சிலிண்டரை 30 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் முப்பது பங்கு, கடைந்து பெருப்பித்தோம். பிஸ்ரனுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் மூன்று தரம் அலைந்தேன். கடைக்காரர்கள் இலேசில் “இல்லை” என்று சொல்ல மாட்டார்கள், “அடுத்த கிழமை வாங்கோ” என்பார்கள். மெல்லிய 16 அங்குல ரயருக்கு அலைந்த கதையை எழுதினால் நீங்கள் பிரசுரிக்க இடம் காணாது.

பெரிய பிழை ஒன்றும் நடந்தது. புதுப் பற்றறி பூட்ட, எங்கள் ஒழுங்கையில் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்த ஒரு பொடியனை விட்டேன். இன்றைய கார்களில் பற்றறியின் மறை முனைதான் உடம்போடு சேரும். அந்தக் காலத்து ஆங்கிலக் கார்களில் நேர் முனை. பொடியன் தனக்குத் தெரிந்தபடி பூட்டினான். திறப்பைத் திருப்ப அம்பியர் மீற்றர் முள் தலைகீழாய்ச் சாய்ந்தது, டைனமோ கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்ளிருந்து நீலமாய் ஒரு புகை வந்தது. அவனைக் குற்றம் சொல்ல ஏலாது. பக்கத்தில் கதிரை போட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தது நான்தான். இப்போது பற்றறிக்குப் பக்கத்தில் சிவப்புப் பெயின்றால் ‘நேர் முனை உடம்புக்கு’ என்று தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். இதையும் கழற்றி எறியச் சொல்வாரோ உங்கள் கட்டுரையாளர்?

வேலை முடிந்தது 2021 கடைசியில். சில மாதத்தில் நாட்டில் பெற்றோல் இல்லை. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற வான்காரர், “மாஸ்ரர், உங்களுக்கென்ன, குழாயைத் திருப்புங்கோ” என்று பகிடி விட்டார். (நான் மாஸ்ரர் இல்லை. வெள்ளைச் சேட் போட்டவரெல்லாம் எங்கள் ஊரில் மாஸ்ரர்.) அந்தத் தரம் மண்ணெண்ணெயும் இல்லை. அந்த ஓகஸ்ற்றில் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 க்கு ஏறியது. என் குழாய்க்கு வேலை வரவில்லை.

கனடாவில் இருந்து வந்த தங்கச்சியின் மகன் காரைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தான். நூல்கட்டையைக் கண்டதும், “மாமா, உது ஒறிஜினல் இல்லை. உதைக் கழட்டிப்போட்டு ஓட்டையை அடைச்சு விடுங்கோ, கார் நல்ல விலை போகும்” என்றான். உங்கள் கட்டுரையின் கருத்தும் அதுதான். இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

சோமசெற் இந்த உலகத்தில் இன்னும் எவ்வளவோ இருக்கும். இங்கிலாந்தில் பளபளவென்று, லோங்பிரிட்ஜ்காரன் பார்த்தாலும் ஏமாறுகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். அப்படி இன்னொன்று வேண்டுமென்றால் அங்கே வாங்கலாம். இந்தக் கார் லோங்பிரிட்ஜில் செய்யப்பட்ட பிறகு இங்கே இன்னொரு தரம் செய்யப்பட்டது, இறைப்பு மெசின் சாமானாலும் குடைக்கம்பியாலும். அந்த இரண்டாவது செய்கையை அழித்துவிட்டு முதலாவதைக் காட்டுவது எந்த வகையில் உண்மையானது என்று எனக்கு விளங்கவில்லை. இப்போது கலியாணப் படப்பிடிப்புக்கென்று பழைய கார்களுக்கு மிட்டாய்ச் சிவப்பு அடித்து, என்ஜின் செத்த நிலையில், இழுத்துக்கொண்டு போய் நிறுத்துகிறார்கள். அவர்களைவிட உங்கள் கட்டுரையாளர் எவ்வளவோ மேல், அது வேறு. ஆனால் இங்கே அந்த ஐந்து வருடத்தில் ஓடின கார் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமான குழாய் இருந்தது. சேலைன் போத்தல் தொங்கவிட்டவர்கள் இருந்தார்கள். திருத்துகிறோம் என்று அவற்றை ஒன்றொன்றாய்க் கழற்றி இரும்புக்குப் போட்டாயிற்று. பூட்டிக் கொடுத்த கைகளும் அநேகமாய்ப் போய்விட்டன. எனக்கு என்ஜின் திருத்தித் தந்த எண்பது தாண்டின மெக்கானிக் குழாயைக் கண்டதும், “உங்கடை ஐயா காதை இடப்பக்கம் வைச்சிட்டார், நான் எண்டால் வலப்பக்கம்தான் வைப்பன்” என்றார். இப்படி ஒரு விமர்சனம் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர் மிச்சம் என்று உங்கள் நிருபர் ஒருவர் போய்ப் பார்த்து எழுதினால் நல்லது.

இன்னொன்று. அந்தக் குழாயால் இன்றைக்கும் பிரயோசனம் இருக்கிறது. பழைய கார் இரண்டு மூன்று கிழமை நின்றால் காபரேற்றர்க் கிண்ணம் காய்ந்துவிடும். என்ஜின் சுற்றினால்தான் பெற்றோல் பம் வேலை செய்யும். கிண்ணம் நிரம்பும்வரை ஸ்ராட்டரைச் சுற்றிச் சுற்றிப் பற்றறி இறங்கிப்போகும். நான் நூல்கட்டையை இழுக்கிறேன், மேலிருந்து பெற்றோல் தானாய் இறங்குகிறது, இரண்டாம் சுற்றில் என்ஜின் பிடிக்கிறது. கனடா மருமகனுக்கு இதைச் செய்து காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு ஓட்டையை மட்டுமாவது வடிவாய் அடைக்கலாமே என்றான்.

மழையில்லாத ஞாயிறுகளில் காலை ஆறு மணிக்குச் சண்டிலிப்பாய், சங்கானை தாண்டிப் பொன்னாலைப் பாலம் வழியாகக் காரைநகர் வரை ஓடுகிறேன், மணிக்கு 35 மைல், அதற்கு மேல் இல்லை. வந்ததும் உப்புப் போகக் கிணற்றுத் தண்ணியால் அடிப்பக்கம் கழுவுவேன். கட்டுரையாளர் விரும்பினால் ஒரு ஞாயிறு வரட்டும், முன் சீற்றில் இருத்திக் கூட்டிக்கொண்டு போகிறேன். பின் சீற்றில் இருந்தால் இடப்பக்கக் கதவு உள்ளேயிருந்து திறபடாது, நான் இறங்கி வந்துதான் திறந்துவிட வேண்டும். அது தொழிற்சாலைக் குறையா ஐயாவின் கைவேலையா என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் அதிபர்,
மானிப்பாய்.