வேலூர் கம்ப்யூட்டர் சர்வீஸ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

போன வாரம் குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி சிபியுவைக் கட்டைப்பையில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தான். "மதர்போர்டு போச்சு, மாத்தணும்" என்று நம் ஊர்க் கடை ஒன்றில் சொல்லிவிட்டார்களாம். காரணம், சூடு பார்க்கும் மென்பொருள் திரையில் காட்டிய 127 டிகிரி. அரை மணி நேரம் ப்ராசஸருக்கு முழு வேலை, அதாவது முழு லோடு, கொடுத்துப் பார்த்தேன். ப்ராசஸருக்குள் வேலை செய்யும் கோர்கள் 70ஐத் தொடவில்லை. அந்த 127 மட்டும் அசையாமல் அப்படியே நின்றது.

அது சூடே இல்லை. போர்டிலுள்ள கண்காணிப்பு சிப்பில் சென்சாருக்கென்று பல பின்கள் உண்டு. எல்லாவற்றிலும் சென்சார் மாட்டியிருக்க மாட்டார்கள். வெறும் பின்னை மென்பொருள் படித்தால் 127, மைனஸ் 128 என்றெல்லாம் வரும். மைனஸும் சேர்த்து 8 பிட்டில் எழுதக்கூடிய எண்களின் இரண்டு ஓரங்கள் அவை. ப்ராசஸர் நிஜமாகவே அவ்வளவு கொதித்தால் 100 டிகிரி வாக்கிலேயே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், மீறினால் தானே அணைந்துவிடும்.

குறைவாகக் காட்டினாலும் நம்பிவிடாதீர்கள். மே மாதம் கடைக்குள்ளேயே 38 டிகிரி. அப்போது ப்ராசஸர் 31 என்றால் எப்படி? ப்ராசஸர் சூட்டை வாங்கி ஃபேன் காற்றில் ஆறும் உலோகக் கட்டை, ஹீட்சிங்க், அறையைவிடக் குளிராது. இன்டெல் ப்ராசஸரின் சென்சார் சூட்டை நேராகச் சொல்வதில்லை. உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி இருக்கிறது என்றுதான் சொல்கிறது. மென்பொருள் அதை வரம்பிலிருந்து கழிக்கிறது. வரம்பு 100 ஆக இருக்க, 85 என்று எடுத்துக்கொண்டால் 15 டிகிரி குறைந்துவிடும். வரம்பை ஒட்டி ஓரளவு சரியாகச் சொல்லும் அந்த சென்சார், சும்மா இருக்கும்போது தடுமாறும்.

ஏஎம்டி ப்ராசஸர்களில் 2017இல் வந்த ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் இரண்டும் 20 டிகிரி கூட்டியே காட்டும். ஃபேன் வேகத்துக்காக வைத்த கணக்கு அது. பழைய மென்பொருள் அதைக் கழிக்காது.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். போர்டு மாற்றச் சொல்வதற்கு முன், காலையில் மெஷினை ஆன் செய்ததும், விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் பயாஸ் திரையில் சூட்டை ஒரு தரம் பாருங்கள். சுவரில் ஒரு வெப்பமானி மாட்டி, ஜாப் கார்டில் அறைச் சூட்டையும் பக்கத்திலேயே எழுதுங்கள். லோடு கொடுத்தால் எண் ஏறுகிறதா, நிறுத்தினால் இறங்குகிறதா என்று கவனியுங்கள். அசையாத எண்ணை வைத்து யாரிடமும் போர்டுக்குக் காசு வாங்காதீர்கள். அந்தத் தம்பியின் அப்பா பீடி சுற்றிப் பிழைப்பவர். சந்தேகமிருந்தால் என் கடைக்கு அனுப்புங்கள், சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து ஒரு சர்வீஸ்காரன்