கண் மஞ்சளாகும் வரை காத்திருக்க வேண்டாம்

ஆசிரியருக்கு,

ரத்த தானம் செய்யப் போன இடத்தில்தான் பலருக்குத் தங்களுக்கு கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருப்பதே தெரியவருகிறது. "நல்லாத்தானே இருக்கேன், கண்ணு மஞ்சளாகலையே" என்று ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துவிடுகிறார்கள். சிலர் நான்கு நாள் கீழாநெல்லி குடித்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். வேதனையாக இருக்கிறது.

பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றினால், பத்தில் ஒன்பது பேருக்கு இந்த வைரஸ் உடம்பிலேயே தங்கிவிடும். இருபது, முப்பது வருஷம் எந்தத் தொந்தரவும் தராது. அப்புறம் ஒருநாள் வயிறு வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனால் கல்லீரல் சுருங்கியிருக்கும். சுருங்காமலேயே நேராகப் புற்றுநோய் வருவதும் உண்டு. இதுதான் பலருக்குத் தெரிவதில்லை. அதனால்தான் இப்போதைக்கு மாத்திரை தேவையில்லை என்று டாக்டர் சொன்னவர்களும் சொன்ன தேதியில் கல்லீரல் டெஸ்ட், வைரஸ் அளவு, தேவைப்பட்டால் ஸ்கேன் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். போன வருஷத்து 'நார்மல்' இந்த வருஷத்துக்குச் செல்லாது.

2018-இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். பாசிட்டிவ் என்று சொல்லி அனுப்பும் ரத்த வங்கிகள், எந்த அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும், வீட்டில் யார் யாருக்குப் பரிசோதனையும் தடுப்பூசியும் தேவை என்று தமிழில் ஒரு சீட்டு எழுதிக் கையில் கொடுத்தனுப்ப வேண்டும்.

ஒரு வாசகர், திருச்சி