கந்தகக் கனிமப் பெட்டியில் தவறான வகைப் பெயர்கள்: திருத்தமும் பணமும் கோரி

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மா,

போன மாதம் உங்கள் நிறுவனத்திடமிருந்து ‘கந்தகக் கனிமங்கள் – 12 மாதிரிகள்’ என்ற பெட்டியை 2,850 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பெரம்பூரில் என் வீட்டு மாடியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் 14 பேருக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். எழும்பூர் அருங்காட்சியகத்துக் கனிமங்களைக் காட்ட அவர்களைக் கூட்டிப் போவதற்கு முன்னால், நாலு கல்லைக் கையில் கொடுத்துப் பழக்கலாம் என்றுதான் வாங்கினேன்.

கற்கள் நல்ல கற்கள். கலீனா என்ற ஈயக் கனிமம் கனசதுரமாக உடைந்திருப்பதைப் பிள்ளைகள் மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தார்கள். குறையெல்லாம் கல்லில் ஒட்டிய சீட்டிலும் கூட வந்த கையேட்டிலும்தான். ஜிப்சம், பேரைட், மஞ்சள் கந்தகம் மூன்றுக்கும் ‘சல்பைடு’ என்று சீட்டு. கலீனாவுக்கு ‘ஈய சல்பேட்டு’. முதலில் கவனித்தது நான் அல்ல, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. ஜிப்சத்தைப் பீங்கான் ஓட்டின் சொரசொரப்பான பின்பக்கத்தில் தேய்த்தாள், வெள்ளைக் கோடு விழுந்தது. நகத்தால் கீறினாள், கீறல் விழுந்தது. “மிஸ், சல்பைடுல முக்கால்வாசி உலோகம் மாதிரி மினுக்கும்னு கையேட்டுல போட்டிருக்கு, இது அப்படி இல்லையே” என்றாள்.

உங்களுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “எல்லாத்துலயும் கந்தகம் இருக்குல்ல மேடம், பேர் கொஞ்சம் முன்னபின்ன இருந்தா என்ன?” என்று உங்கள் ஊழியர் கேட்டார். அந்தப் பதில்தான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

கந்தகம் இருப்பதால் மட்டும் கற்கள் ஒரே வகை ஆகிவிடாது. அது எதோடு, எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பதுதான் வகை. கலீனாவில் ஈயத்தோடு கந்தகம் நேரடியாகச் சேர்ந்திருக்கிறது, ஆக்சிஜன் கிடையாது. ஆகவே அது சல்பைடு. அதே ஈயம், அதே கந்தகம், ஆனால் கந்தகத்தைச் சுற்றி நாலு ஆக்சிஜன் இருந்தால் அது ஆங்கிளசைட் என்ற வேறு கனிமம், சல்பேட்டு. கனிமவியலாளர் ஹ்யூகோ ஸ்ட்ரன்ஸ் 1941-ல் வகுத்து, பிறகு பலமுறை திருத்தப்பட்ட கனிம வரிசையில் சல்பைடுகளுக்கு 2-ஆம் வகுப்பு, சல்பேட்டுகளுக்கு 7-ஆம் வகுப்பு. வேறெதோடும் சேராத மஞ்சள் கந்தகம் 1-ஆம் வகுப்பில், தங்கத்தோடும் வைரத்தோடும் இருக்கிறது. பேரைட் கையில் கனப்பதால் உலோகத் தாது என்று யாராவது நினைத்திருக்கலாம். அந்தக் கனம் அதிலுள்ள பேரியம் என்ற தனிமத்தால் வருவது. பக்கத்து ஆந்திராவில் மங்கம்பேட்டையில் வெட்டியெடுக்கிற பேரைட்டும் சல்பேட்டுதான்.

இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். ராசப்ப செட்டித் தெருவில் நாட்டு மருந்துக் கடையில் கேட்டுப் பாருங்கள். அரிதாரம் ஆர்சனிக் சல்பைடு. மயில்துத்தம் தாமிர சல்பேட்டு. அன்னபேதி இரும்பு சல்பேட்டு. கற்பூரச் சிலாசத்து என்பது ஜிப்சமேதான், அதாவது கால்சியம் சல்பேட்டு. நாலிலும் கந்தகம் உண்டு. அதற்காக அன்னபேதி கேட்டவருக்கு அரிதாரத்தை மடித்துக் கொடுப்பார்களா?

அப்புறம், பைரைட் என்ற இரும்பு சல்பைடு. ஈரம் காயாத செய்தித்தாளில் சுற்றி வந்தது, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் எதுவும் கூட இல்லை. மூன்றே வாரத்தில் கல்லைச் சுற்றி வெளிறிய மஞ்சள் பொடி, அடியிலிருந்த சீட்டு பழுப்பாகித் தொட்டாலே உதிர்கிறது. ஈரமும் காற்றும் பட்டால் பைரைட் சிதைந்து கந்தக அமிலமும் இரும்பு சல்பேட்டும் உண்டாகும். சென்னைக் காற்றின் ஈரம் உங்களுக்குத் தெரியாததல்ல. சல்பைடு எங்கள் கண்முன்னால் சல்பேட்டாக மாறிக்கொண்டிருக்கிறது, அந்த மாற்றத்தைப் பிள்ளைகளுக்கு விளக்கக் கையேட்டில் ஒரு வரி கிடையாது.

இதையெல்லாம்விட என்னைப் பயமுறுத்தியது கையேட்டின் கடைசிப் பக்கம். “ஒவ்வொரு கல்லிலும் சிறு துண்டை உடைத்து மெழுகுவர்த்தியில் காட்டி வாசனை பார்க்கவும்” என்று அச்சிட்டிருக்கிறீர்கள். பெட்டியில் இருக்கும் சிவப்புக் கல் சாதிலிங்கம், பாதரச சல்பைடு. சூடாக்கினால் பாதரச ஆவி வரும். கலீனாவில் ஈயம் இருக்கிறது, தொட்டால் கை கழுவ வேண்டும் என்ற எச்சரிக்கைகூட இல்லை. நான் படித்துப் பார்த்ததால் அந்தச் சோதனை நடக்கவில்லை. இதே பெட்டியை வாங்கிய மற்ற வீடுகளில் எல்லாரும் படித்துப் பார்த்திருப்பார்களா?

எனக்குப் பணம் முழுவதும் திரும்ப வேண்டும். அதைவிட அவசரம், அந்தச் சூடுபடுத்தும் சோதனையைச் செய்யவே கூடாது என்று, இந்தப் பெட்டியை வாங்கிய எல்லாருக்கும் உடனே தெரிவிப்பது. சாதிலிங்கத்தைப் பிள்ளைகளுக்கான பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். சீட்டுகளை நிலவியல் படித்த ஒருவரிடம் காட்டித் திருத்தி, எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்வேன். ரசீதும் படங்களும் இத்துடன் இணைத்திருக்கிறேன். பைரைட்டையும் சாதிலிங்கத்தையும் தனித்தனி டப்பாவில் மூடி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் வந்தால் ஒப்படைத்துவிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
பெரம்பூர், சென்னை