விஸ்வநாத்துக்குக் குறைந்த மூன்று ரன்

லான்காஸ்டர், பென்சில்வேனியா
2025 பிப்ரவரி 16

அன்புள்ள கணக்கு வாத்தியாருக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. சின்னவளுக்கு வரன் அமைந்த செய்தியைப் படித்ததும் வீட்டில் பாயசம் வைத்துவிட்டார்கள். வைகாசியில் முகூர்த்தம் என்றால் இருவரும் கட்டாயம் வருகிறோம். இங்கே இரண்டு வாரமாகப் பனி உருகவில்லை. முழங்கால் வலி பரவாயில்லை. மருந்தைவிட நடைதான் உதவுகிறது. கொல்லைக் கிணற்றை மூடிவிட்டதாக எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரியை மட்டும் இரண்டு முறை படித்தேன்.

"உன் பையன் சொன்னான், ராத்திரியெல்லாம் பகடை உருட்டுகிறாயாமே, பணம் வைத்தா ஆடுகிறீர்கள்?" என்று கேட்டிருந்தாய். பணம் இல்லை. ஒரு காசு கூட இல்லை. தொலைபேசியில் சொன்னால் பாதியில் நின்றுவிடும், எனவே எழுதுகிறேன்.

அந்தக் கிணற்றடித் துவைகல்லில் உட்கார்ந்து நாம் ஆடிய புத்தக கிரிக்கெட்டிலிருந்து தொடங்கினால் உனக்கு எளிதில் புரியும். வரலாற்றுப் புத்தகம்தான் தடிமன் என்று அதையே எடுப்போம். கண்ணை மூடிப் பிரித்து, இடப்பக்க எண்ணின் கடைசி இலக்கம் இரண்டு, நான்கு, ஆறு என்றால் அத்தனை ரன்; எட்டு என்றால் ஒன்றுமில்லை; பூஜ்யம் என்றால் அவுட். நீ கோடு போட்ட நோட்டில் ஸ்கோர் எழுதுவாய். ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. கவாஸ்கர் ஆடினாலும் பந்துவீச்சாளர் சந்திரசேகர் ஆடினாலும் புத்தகத்துக்கு ஒன்றுதான். யார் மட்டையைப் பிடித்திருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது.

இங்கே நான் ஆடும் ஆட்டத்துக்கு அது தெரியும். பெயர் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக், பகடையும் அட்டையும் வைத்து மேசையில் ஆடும் பேஸ்பால். நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் வளர்ந்த ஹால் ரிச்மன் என்பவர் சிறுவனாக இருந்தபோதே யோசிக்கத் தொடங்கி, கல்லூரியில் கணக்குப் படித்து, 1961-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு பேஸ்பால் வீரருக்கும் ஓர் அட்டை. அவர் சென்ற ஆண்டு உண்மையில் எப்படி ஆடினாரோ அதுவே எண்களாக அந்த அட்டையில் இறங்கியிருக்கும்.

பேஸ்பாலைப் பற்றி இப்போதைக்கு இவ்வளவு போதும்: பக்கத்துக்கு ஒன்பது பேர், ஒன்பது இன்னிங்ஸ், மூன்று பேர் அவுட்டானால் மறுதரப்பு ஆட வரும். பந்து எறிபவரைப் பிட்சர் என்பார்கள். அடித்தவர் தளங்களைச் சுற்றி வந்தால் ஒரு ரன். பந்தை வேலிக்கு அப்பால் அடித்தால் ஹோம் ரன்; அடித்தவருக்கும் தளத்தில் நிற்பவர்களுக்கும் ஆளுக்கு ஒரு ரன். பத்து முறை மட்டை பிடித்து மூன்று முறை சரியாக அடித்துவிட்டால் அவர் சிறந்த வீரர். ஏழு முறை தோற்பவரைக் கொண்டாடும் ஆட்டம் அது. கிரிக்கெட்டில் வளர்ந்த எனக்கு இது பழகவே இரண்டு கோடைக்காலம் ஆயிற்று.

இனி உனக்குப் பிடித்த பகுதி. மூன்று பகடைகள், ஒன்று வெள்ளை, இரண்டு சிவப்பு. வெள்ளையில் ஒன்று, இரண்டு, மூன்று விழுந்தால் மட்டையாளரின் அட்டையைப் பார்க்க வேண்டும். நான்கு, ஐந்து, ஆறு விழுந்தால் பிட்சரின் அட்டையை. அட்டைக்கு மூன்று பத்தி. சிவப்பு இரண்டையும் கூட்டினால் இரண்டிலிருந்து பன்னிரண்டு வரை ஓர் எண் வரும். அந்தப் பத்தியில் அந்த எண்ணுக்கு நேரே எழுதியிருப்பதுதான் முடிவு. மொத்தம் 216 வகையாகப் பகடை விழலாம். அதில் 108 மட்டையாளருக்கு, 108 பிட்சருக்கு. ஏழு ஆறு வழியில் விழும், இரண்டும் பன்னிரண்டும் ஒரே வழியில்தான் விழும் என்று நீ முப்பது வருடம் கரும்பலகையில் எழுதியிருப்பாய். வலுவான வீரருக்கு ஹோம் ரன் ஏழுக்கோ எட்டுக்கோ நேரே இருக்கும்; மெலிந்தவருக்குப் பன்னிரண்டுக்கு நேரே ஒளிந்துகொண்டிருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. சில முடிவுகளுக்கு மேலும் ஒரு பகடை, இருபது முகம் கொண்டது, உருட்ட வேண்டும்: 'ஹோம் ரன் 1–3, மற்றதெல்லாம் அவுட்' என்பது போல.

பந்தைத் தடுப்பவர்களுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை தரம் உண்டு. ஒன்று மிகச் சிறந்தது. நன்றாக அடிக்காமல், நன்றாகத் தடுப்பதாலேயே அணியில் இடம் பிடித்திருக்கும் ஓர் ஆளின் அருமை இந்த அட்டையை வைத்து ஆடிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. நிஜ ஆட்டத்தைப் பார்க்கும்போது கூட இப்போது என் கண் பந்தை விட்டு அவர்கள் நிற்கும் இடத்துக்குத்தான் போகிறது.

இதை ஒரு கூட்டமாகச் சேர்ந்து ஆண்டு முழுவதும் ஆடுவதுதான் லீக். எங்கள் லீக்கில் பன்னிரண்டு பேர். எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர்தான் என்னைச் சேர்த்துவிட்டார். ஒன்பது வருடம் முன்பு ஒரு கோடை இரவில், வாசலில் உட்கார்ந்து வானொலியில் பிலடெல்பியா அணியின் ஆட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தெருவைக் கடந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஆட்டம் முடியும்வரை இருவரும் அதிகம் பேசவில்லை. மறுவாரம் ஒரு பெட்டியோடு வந்தார். எட்டுப் பேர் இந்தச் சுற்றுவட்டாரம், நான்கு பேர் வெளிமாநிலம். ஆளுக்கு ஓர் அணி. என் அணிக்கு நம் ஊர்ப் பெயரைத்தான் வைத்திருக்கிறேன். ஒவ்வொருவரோடும் ஆறு ஆட்டம், ஆக ஓர் அணிக்கு 66. ஓர் ஆட்டத்துக்கு அரை மணிக்கு மேல் ஆகும்.

சென்ற ஆண்டுக் கணக்கை வைத்து ஒவ்வொரு குளிர்காலத்திலும் புதிய அட்டைகள் வரும். அப்போது புதுமுக வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்போம். கடைசி இடத்தில் வந்தவருக்கு முதல் வாய்ப்பு. பழைய வீரர்களை நாங்களே வைத்துக்கொள்கிறோம். இருபத்திரண்டு வயதில் எடுத்த பையனுக்கு முப்பத்தைந்து ஆகும்போது அவன் அட்டையும் மெலியும். போன வாரம் புதிய பெட்டியைப் பிரித்து, ஒன்பது ஆண்டு என்னோடு இருந்த ஒருவரின் அட்டையை முதலில் தேடி எடுத்தேன். ஹோம் ரன் இருந்த இடமெல்லாம் சுருங்கியிருந்தது. அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் அந்த அட்டையைக் கீழே வைக்க நேரமாயிற்று.

உண்மை ஆட்டம் நின்றுபோனபோதெல்லாம் இந்தப் பகடைகள் உருண்டிருக்கின்றன. 1981-இல் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலை 14 அன்று கிளீவ்லாண்டில் நட்சத்திர அணிகளின் ஆட்டம் நடந்திருக்க வேண்டும். காலியான அந்த மைதானத்திலேயே மேசை போட்டுப் பகடை உருட்டி அதை ஆடினார்கள். 2020-இல் கொரோனாவால் ஆட்டப் பருவம் தள்ளிப்போனபோது ஒவ்வொரு நாளும் நடந்திருக்க வேண்டிய ஆட்டங்களை அந்த நிறுவனமே ஆடி முடிவை வெளியிட்டது. வீட்டுக்குள் அடைந்திருந்த அந்த மாதங்களில் காலையில் எழுந்து முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

நான் இருக்கும் இந்த லான்காஸ்டருக்கும் இதில் பங்கு உண்டு. ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்குக்குப் பத்தாண்டு முன்பே, 1951-இல், ரிச்சர்ட் சைட்ஸ் என்பவர் இங்கிருந்து இன்னொரு பேஸ்பால் அட்டை விளையாட்டைத் தொடங்கினார். பள்ளி நாட்களில் அவரும் நண்பர்களும் வேறொரு பழைய விளையாட்டை வைத்துத் தங்களுக்குள் ஒரு லீக் நடத்தினார்கள். பையன்கள் ஆயிற்றே, அதற்கு 'அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால் சங்கம்' என்று பெரிய பெயராக வைத்துக்கொண்டார்கள். அதன் ஆங்கில முதலெழுத்துகளே (APBA) பிறகு கம்பெனியின் பெயராயிற்று; 'ஆப்பா' என்று ஒரே சொல்லாக உச்சரிப்பார்கள். இதைக் கேட்ட அன்று உன் கோடு போட்ட நோட்டுத்தான் நினைவுக்கு வந்தது.

1975 பொங்கல் டெஸ்ட் நினைவிருக்கிறதா? சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீஸின் ஆண்டி ராபர்ட்ஸ் ஏழு விக்கெட் எடுத்தார். இந்தியா 190-க்குச் சுருண்டது. மறுமுனையில் கடைசி ஆளும் போய்விட, விஸ்வநாத் 97-இல் ஆட்டமிழக்காமல் நின்றார். மறுநாள் நாம் துவைகல்லில் அவரை 97-லிருந்தே ஆடவிட்டோம். மூன்று ரன்தானே வேண்டும். நான் பிரித்தேன். பக்கம் 140. காற்றில் பக்கம் புரண்டுவிட்டது, இன்னொரு முறை பிரிக்கிறேன் என்று எவ்வளவு கெஞ்சினேன்! நீ பென்சிலால் 'அவுட்' என்று எழுதி நோட்டை மூடினாய். இரண்டு நாள் உன்னோடு நான் பேசவில்லை.

சென்ற ஆகஸ்டில் அது திரும்ப நடந்தது. வெளிமாநிலத்துக்காரர் வர முடியாதபோது தம் திட்டத்தைத் தாளில் எழுதி அனுப்பிவிடுவார்: யாரை எப்போது இறக்குவது, எந்த நிலையில் பிட்சரை மாற்றுவது என்று எல்லாம். உள்ளூர்க்காரர் இரு தரப்புக்கும் பகடை உருட்டுவார். அன்று ஒஹாயோவில் இருக்கும் இசை ஆசிரியரின் அணியோடு கடைசி ஆட்டம். ஜெயித்தால் நான் இறுதிச் சுற்றுக்குப் போவேன். ஒன்பதாவது இன்னிங்ஸ், கடைசியாக அவர் தரப்பு ஆடுகிறது, இரண்டு பேர் அவுட், ஒருவர் மட்டும் தளத்தில், நான் ஒரு ரன் முன்னிலை. இப்படி ஒரு நிலை வந்தால் இடக்கை ஆட்டக்காரரை இறக்கவும் என்று தாளின் அடியில் பொடி எழுத்தில் எழுதியிருந்தார். இறக்கினேன். வெள்ளையில் ஐந்து. சிவப்பில் ஏழு. என் பிட்சரின் அட்டையில் அந்த இடத்தில் 'ஹோம் ரன் 1–3'. இருபது முகப் பகடையில் இரண்டு விழுந்தது. ஹோம் ரன், எனக்குத் தோல்வி. நீ கணக்குப் போட்டுப் பார், அந்த முடிவுக்கு 240-இல் ஒரு வாய்ப்பு.

இரவு பதினொன்றரை மணி. மாடியில் மனைவி தூங்கிவிட்டாள். பகடை மேசை விளிம்பில் ஒரு காகிதத்தின் மேல் சற்றுச் சாய்ந்தாற்போல் நின்றிருந்தது. மீண்டும் உருட்டியிருந்தால் இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. இந்த விளையாட்டிலேயே இல்லாத உன் பென்சில் அப்போது என் கண்ணுக்குத் தெரிந்தது, நண்பா. எழுதினேன். மறுநாள் தாளை அனுப்பினேன். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. இந்த ஒன்பது ஆண்டில் எங்களில் ஒருவரும் இன்னொருவரிடம் அப்படிக் கேட்டதில்லை. நடக்காத ஒரு பருவத்தைப் பன்னிரண்டு பேர் சேர்ந்து உண்மையாக எழுதிவைக்கிறோம். அதற்காகத்தான் நான் இதில் இருக்கிறேன். வெளியாருக்குச் சொல்லும்போது பகடையையும் அட்டையையும் விளக்கிவிடுகிறேன், இதைச் சொல்ல வாய் வருவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜாஷ் கிப்சன் என்று ஒருவர். இதே பென்சில்வேனியாவில், பிட்ஸ்பர்க் பக்கத்து ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணிக்கு ஆடியவர். கறுப்பர் என்பதால் பெரிய லீக்குகளில் அவரைச் சேர்க்கவே இல்லை. 1947 ஜனவரியில், முப்பத்தைந்து வயதில் இறந்தார். கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் அந்த நிறத்தடையை உடைத்துப் பெரிய லீக் மைதானத்தில் இறங்கியது அதே ஆண்டு ஏப்ரலில். மூன்று மாதம்! கறுப்பினத்தவர் லீக்குகளின் கணக்குகள் பழைய செய்தித்தாள்களில் சிதறிக் கிடந்தன. ஆராய்ச்சியாளர்கள் அவற்றைத் திரட்டினார்கள். 2009-இல் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் 103 வீரர்களுக்கு அட்டை போட்டது. அந்த லீக்குகளையும் பெரிய லீக்குகளே என்று பேஸ்பால் நிர்வாகம் ஏற்றுக்கொண்டது 2020 டிசம்பரில்தான். 2024-இல் கணக்குகளைச் சேர்த்தபோது, வாழ்நாள் சராசரியில் கிப்சனின் 0.372, அதாவது ஆயிரம் முறைக்கு 372 முறை சரியாக அடித்தது, எல்லாருக்கும் மேலே போய் நின்றது. அதுவரை முதலிடம் டை காப் என்ற பழைய வீரரின் 0.367.

லீக் ஓய்ந்திருக்கும் டிசம்பர் மாதத்தில் நானும் தபால்காரரும் அந்தப் பெட்டியை எடுப்போம். அவர் கறுப்பர். அவருடைய அப்பா சிறுவயதில் கிப்சன் ஆடி நேரில் பார்த்தவராம். கிப்சன் மட்டை பிடிக்கும்போது மட்டும் பகடையை அவரிடம் கொடுத்துவிடுவேன். உருட்டுவதற்கு முன் உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருப்பார். வராத நாளும் உண்டு. அவுட் என்றால் அவுட் என்று எழுதுவார்.

கல்யாணத்துக்கு வரும்போது அந்தப் பெட்டியையும் நான்கு பகடைகளையும் எடுத்து வருகிறேன். கிப்சன் உன் அணியில் இருக்கட்டும். 1975 நோட்டு பரணில் எங்கேயாவது இருக்கும், தேடிப் பார். கிணற்றை மூடியபோது துவைகல்லையும் பெயர்த்துவிட்டார்களா? அதை உடனே எழுது.

உன் அன்புள்ள
பழைய கிணற்றடித் தோழன்